முக்காலுக்குள் அரை எத்தனை?

தமிழ் நடத்துகிறவர் கணக்கைப் பற்றி எழுதப் புகுந்தால் எல்லை மீறியதாகவே கருதப்படும். நாம் முதுகலையில் பயின்றது தமிழ் இலக்கியம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் பயிற்றுவிப்பதும் அதுவே. கணக்கோடு நமக்கிருந்த உறவு பள்ளி இறுதித் தேர்வோடு முறிந்தது. முறிந்ததில் இரு தரப்புக்கும் வருத்தமில்லை. எனினும், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் நம் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த ஒன்று, இதைக் கணக்காசிரியர்களுக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்று எண்ண வைத்தது. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது கணக்குச் சிக்கல் என்பதைவிட மொழிச் சிக்கல் என்பதே பொருந்தும் என்று இப்போது நமக்குப் படுகிறது. அதனால்தான் இக்கட்டுரை.

ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். 3/4 ÷ 1/8 என்பது கணக்கு. வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கி, 3/4 × 8/1 என்று மாற்றி, 24/4 என்று பெருக்கி, 6 என்று விடை எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டாள். விடை சரி. நாம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால், "முக்காலை வகுத்தால் ஆறு எப்படி வரும்? வகுத்தால் குறையத்தானே வேண்டும்?" என்று கேட்டுவிட்டோம். அவள் சற்று நேரம் ஏட்டைப் பார்த்தாள். "திருப்பிப் போட்டுப் பெருக்கணும்ப்பா. டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். "சரி, இந்த ஆறு எதனுடைய ஆறு?" என்றோம். "விடையோட ஆறு" என்றாள்.

சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போயிற்று. அந்த ஆறு எதனுடைய ஆறு என்பது நமக்கும் தெரியவில்லை.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த நம் அம்மாவின் காதில் இது விழுந்திருக்கிறது. "முக்காப் படியில எத்தனை ஆழாக்குன்னு கேக்குறான் உங்கப்பன். ஆறுதானே?" என்று பேத்திக்கு அங்கிருந்தே குரல் கொடுத்தார். அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வகுத்தல் குறியைக் காட்டினால், கூட்டல் கோட்டில் இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டதோ என்று கேட்பார். ஆனால் படிக்கு எட்டு ஆழாக்கு என்பது அவர் கைக்குத் தெரியும். அலமாரியிலிருந்து பழைய பித்தளைப் படி இறங்கியது. முக்கால் படி அரிசி அளந்து தாம்பாளத்தில் கொட்டப்பட்டது. மகள் ஆழாக்கால் அள்ளி அள்ளி ஏனத்தில் போட்டு எண்ணினாள். ஆறாம் ஆழாக்கில் தாம்பாளம் காலியாயிற்று. அந்த ஆறு ஆழாக்கின் ஆறு!

இதில் நமக்கு ஏற்பட்ட நாணத்தை மறைப்பதற்கில்லை. அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்த ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொல்காப்பியம் தொகைமரபில் கூறுவதை ஆண்டுதோறும் நடத்துகிறோம். நடத்தும்போது பழைய முகத்தலளவை வாய்பாட்டையும் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் ஒப்பிப்பார்கள். 'முக்கால் நாழியில் எத்தனை ஆழாக்கு?' என்று ஒருவரையும் நாம் கேட்டதில்லை. நம்மையும் எவரும் கேட்டதில்லை. பெயர்களைக் காத்துவிட்டோம், அவை எதற்குப் பயன்பட்டனவோ அந்த வினாவைக் கைவிட்டுவிட்டோம்.

வகுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வினாக்கள் உறைகின்றன. பன்னிரண்டு மாம்பழங்களை நான்கு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று. பன்னிரண்டு மாம்பழங்களைப் பைக்கு நான்காகப் போட்டால் எத்தனை பை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை மூன்றுதான். ஆனால் முன்னது பகிர்தல், பின்னது அளத்தல். பள்ளியில் வகுத்தல் பெரும்பாலும் பகிர்தலாகவே அறிமுகமாகிறது. பிள்ளைகள் மனத்தில் பதிவதும் அதுவே. முழு எண்கள் இருக்கும் வரை அதனால் தீங்கில்லை. பின்னம் வந்ததும் வண்டி குடை சாய்கிறது. அரைக்கால் ஆளுக்கு எதைப் பகிர்வது? அளத்தலோ அங்கும் தயங்காமல் நடக்கிறது. 'இதற்குள் அது எத்தனை முறை அடங்கும்?' என்னும் வினா முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் ஒன்றேதான். அளக்கும் கலம் சிறிதாக இருந்தால் அதிக முறை அள்ள வேண்டும். எனவே விடை பெரிதாகும். வகுத்தால் குறைய வேண்டும் என்ற நம் எண்ணம் பகிர்தலிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், விதியன்று.

அன்றைய மாலை இதோடு முடிந்திருந்தால், பாட்டியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துவிட்டு நாமும் நகர்ந்திருப்போம். அடுத்த கணக்குதான் வம்பை வளர்த்தது. 3/4 ÷ 1/2. மகள் இம்முறை ஏட்டை மூடிவிட்டு, "அப்பாயி, முக்காப் படியில அரைப்படி எத்தனை?" என்று கேட்டாள். அம்மா அளந்தார். ஓர் அரைப்படி போயிற்று. கால் படி எஞ்சியது. "ஒண்ணு, காப்படி மிச்சம்" என்றார். அதன்படி மகள் ஒன்றேகால் என்று எழுதினாள். பிறகு திருப்பிப் போட்டுப் பெருக்கிப் பார்த்தாள். 3/4 × 2/1 = 6/4; அதாவது ஒன்றரை. "அப்பாயி சொன்னது தப்பு" என்று தீர்ப்பளித்தாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "கண்ணு முன்னால அளந்தேனே, இதுல என்னடி தப்பு?" என்று தாம்பாளத்தைக் காட்டினார். அதில் கால் படி அரிசி இருந்தது. ஏட்டில் அரை இருந்தது.

அம்மாவும் பிழை சொல்லவில்லை. ஏடும் பிழை சொல்லவில்லை. எஞ்சியது கால் படிதான். ஆனால் நாம் எண்ணிக்கொண்டிருந்தது படிகளை அல்ல, அரைப்படிகளை. எஞ்சிய அரிசியை அரைப்படிக் கலத்தில் கொட்டினால் அது பாதிக் கலத்துக்கு வரும். கால் படி என்பது அரைப்படியில் பாதி. எனவே ஒரு முறை, பிறகு அரை முறை; ஆக ஒன்றரை முறை. மகளே கொட்டிப் பார்த்தாள். பாதியில் நின்ற அரிசியைப் பார்த்ததும் அவள் முகத்தில் தெளிவு வந்ததைக் கண்டோம். அம்மாவும் எட்டிப் பார்த்து, "அப்படிக் கேட்டிருந்தா நானும் ஒண்ணரைன்னுதானே சொல்லியிருப்பேன்" என்றார். உண்மைதான். கேட்ட விதத்தில்தான் பிசகு. 'எவ்வளவு மிச்சம்?' என்பது ஒரு வினா, 'எத்தனை முறை?' என்பது வேறொரு வினா.

பின்னவகுத்தலின் முடிச்சு இந்த இடத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. எஞ்சியதை எந்த அலகால் பெயரிடுவது? வெறும் விதியால் கணக்குப் போடும் பிள்ளைக்கு இந்த வினா எழுவதே இல்லை. அது சரியான விடையைப் பெற்றுக்கொண்டு, அவ்விடை எதைக் குறிக்கிறது என்று அறியாமலே அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. கலத்தைக் கையில் எடுத்த பிள்ளைக்குத்தான் முதலில் பிழை நேர்கிறது. பிறகு அப்பிழையே அறிவாகிறது.

இந்தத் தடுமாற்றம் நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. லிபிங் மா என்னும் ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கணித அறிவை ஒப்பிட்டு 1999 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆசிரியர்களிடம் கொடுத்த கணக்குகளுள் ஒன்று, ஒன்றேமுக்காலை அரையால் வகுப்பது. விடை கண்டால் போதாது. அதற்குப் பொருந்தும் ஒரு கதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 21 பேர் கணக்கிட முயன்று, 9 பேர் மட்டுமே சரியான விடையை எட்டினர். குறையற்ற கதை ஒருவரிடமிருந்தும் வரவில்லை. கருத்தளவில் பொருந்திய ஒரே கதையும் வகுப்பில் சொல்வதற்கு ஏற்றதாக இல்லை. பலர் அரையால் வகுப்பதை, இரண்டு பேருக்குப் பகிர்வதோடு குழப்பிக்கொண்டனர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகக் கணக்கிட்டனர். அவர்களுள் 65 பேர் பொருத்தமான கதைகளும் சொன்னார்கள். இதைச் சீனர் அறிவாளிகள், அமெரிக்கர் அறிவிலிகள் என்று படிப்பது சிறுபிள்ளைத்தனம். கதை சொல்லத் தெரிவதுதான் கணக்குத் தெரிவதன் உரைகல் என்பதே நாம் அதில் படிக்க வேண்டியது. அந்த உரைகல்லில் அன்று மாலை நாமும் தேறவில்லை.

இனித் 'திருப்பிப் போடுதல்'. அதுவும் மந்திரமன்று, அரிசியால் விளங்கக் கூடியதே. ஒரு முழுப் படியில் எத்தனை ஆழாக்கு? எட்டு. அப்படியானால் முக்கால் படியில் அந்த எட்டில் முக்கால் பங்கு, அதாவது ஆறு. அரைக்காலால் வகுப்பது எட்டால் பெருக்குவதாக மாறிய கதை இவ்வளவுதான். 'ஒன்றுக்குள் எத்தனை முறை?' என்பதை முதலில் கண்டு, பிறகு நம்மிடம் உள்ள அளவுக்கு ஏற்பப் பெருக்குகிறோம். தலைகீழி என்று பாடநூல் சொல்வது, ஒன்றுக்குள் அது எத்தனை முறை அடங்கும் என்னும் எண்ணையே.

படியில் மூன்றில் இரண்டு பங்கு கொள்ளும் கலம் வீட்டில் இராது. அங்கே தாள் நாடா உதவும். ஒரே நீளமுள்ள நாடாக்கள் சிலவற்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை மூன்றாக மடித்து, இரண்டு பங்கை மட்டும் வெட்டி எடுங்கள். அதை முழு நாடாவின் மேல் வைத்தால் ஒரு முறை முழுதாக அடங்கும். எஞ்சிய இடம் வெட்டிய துண்டில் சரிபாதி. ஆகவே ஒன்றுக்குள் மூன்றில் இரண்டு, ஒன்றரை முறை அடங்கும். ஒன்றரை என்பது 3/2. திருப்பிப் போடப்பட்ட பின்னம் கண்முன்னே மேசையில் கிடக்கிறது! இதைக் கண்ட பிள்ளை விதியை மறந்தாலும் மீண்டும் தானே ஆக்கிக்கொள்ளும்.

பகிர்தல் வினாவும் முற்றிலும் கைவிடத்தக்கதன்று. முக்கால் படி அரிசியைக் கொட்டினால் ஒரு பானை பாதி நிறைகிறது. பானை நிறைய எவ்வளவு வேண்டும்? ஒன்றரைப் படி. இதுவும் 3/4 ÷ 1/2 தான். அதே எண்கள், அதே விடை, கதை வேறு. ஒரே தொடருக்கு இரண்டு பொருள் காண்பது உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்குப் புதிதா என்ன?

தமிழில் இதற்கு நல்ல கைப்பிடிகள் இருந்தன. 1/8 என்பதை 'எட்டில் ஒன்று' என்று இன்று சொல்கிறோம். நம் முன்னோர் அரைக்கால் என்றனர். காலில் அரை அரைக்கால். பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே காலுக்குள் அது இரண்டு முறை அடங்கும் என்பது தெரிந்துவிடுகிறது. அரைக்காலில் பாதி மாகாணி. அதற்கு வீசம் என்றும் பெயர். மற்றொரு வரிசையில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. தஞ்சைப் பக்கத்தில் இன்றும் நிலத்தை மாக்கணக்கில் சொல்வர். இருபது மா ஒரு வேலி. 'கால் வேலியில் எத்தனை மா?' என்று கேட்டால் அங்குள்ள முதியவர் தயங்காமல் ஐந்து என்பார். அவர் 1/4 ÷ 1/20 என்னும் கணக்கைப் போட்டிருக்கிறார். போட்டது அவருக்கே தெரியாது. இவ்வழக்குகள் காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் உண்டு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்த எண்சுவடியிலும் உண்டு. அப்பள்ளிகளின் கணக்குப் பயிற்சியையும் அது வேரூன்றிய சமூகத்தையும் து. செந்தில் பாபு 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று மார்தட்டப் புறப்படும் நண்பர்களுக்கு ஒரு சொல். இருந்தது உண்மை, எல்லார்க்கும் இருந்ததா? திண்ணையில் ஏறி உட்கார எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமிருந்ததில்லை. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகளைப் பற்றிக் கிராமத்து முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். கலத்தின் அளவு மாறினால் எண்ணிக்கை மாறும் என்பதைத் தெரிந்தவர் ஏமாற்றினார், தெரியாதவர் ஏமாந்தார். 'எத்தனை முறை?' என்பதோடு 'எந்தக் கலத்தால்?' என்றும் கேட்கத் தெரிந்த பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. ஆதலால் நாம் மீட்க விரும்புவது பழம்பெருமையை அன்று. அந்த வினாவை, அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

முன்பு இந்த வினாவைச் சந்தையே கற்பித்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில், முக்கால் ரூபாயில் எத்தனை இரண்டணா என்பது தெருவில் விளையாடும் சிறுவனுக்கும் தெரியும். 1957 ஏப்ரலில் நாணயம் பதின்மத்துக்கு மாறியது. 1956 ஆம் ஆண்டின் சட்டத்தால் படியும் வீசையும் கிலோவுக்கும் லிட்டருக்கும் இடம் விட்டன. நாலணா என்றே நாம் அழைத்துவந்த இருபத்தைந்து காசும் 2011 ஜூன் 30 ஆம் நாளோடு செல்லாதாயிற்று. இம்மாற்றங்கள் தேவையானவை, இவற்றுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் இவற்றின் விளைவாக ஒன்று நேர்ந்தது. கால், அரைக்கால் என்பவற்றைக் கையால் தொட்டுப் பழகும் வாய்ப்பு பிள்ளைகளின் அன்றாடத்திலிருந்து பெரிதும் நீங்கிவிட்டது. சந்தை கைவிட்டதைப் பள்ளி ஏற்க வேண்டும். செய்முறை என்பது பாடத்தின் மேல் தூவும் அலங்காரமன்று என்று நாம் சொல்வது இதனால்தான்.

தமிழகம் செயல்வழிக் கற்றலை அறியாததன்று. 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 இல் மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. ஆனால் செயல் இருந்தால் கற்றல் தானே நிகழ்ந்துவிடும் என்று எண்ணுவதும் மயக்கமே. கிராமத்துப் பள்ளியொன்றில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், நம் முன்னாள் மாணவி, இதைக் கேட்டுச் சிரித்தார். "நானும் மணலும் டம்ளரும் கொடுத்துப் பார்த்தேன் ஐயா. பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். மறுநாள் கணக்கைப் போட்டால் ஒருவருக்கும் மணல் நினைவுக்கு வரவில்லை" என்றார். பிறகு அவர் முறையை மாற்றியிருக்கிறார். முதலில் வினாவை முழுத் தமிழ்த் தொடராகப் பிள்ளைகளே சொல்ல வேண்டும்: 'முக்கால் டம்ளர் மணலில் அரை டம்ளர் எத்தனை முறை?' அடுத்து, அளக்கும் முன் விடையை ஊகிக்க வேண்டும். ஒன்றைவிடக் கூடுமா, குறையுமா என்றாவது சொல்ல வேண்டும். மூன்றாவதாக அளத்தல். கடைசியாகத்தான் எண்ணும் குறியும். மணல் மிஞ்சும் கணக்குகளையே வேண்டுமென்று முதலில் கொடுப்பாராம். அங்கேதான் சண்டை வரும், சண்டையில்தான் பாடம் நடக்கும் என்கிறார். நம் வீட்டுத் தாம்பாளம் நினைவுக்கு வந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மணலை அள்ளிக்கொண்டிருந்தால் பாடத்திட்டம் முடியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கணக்கையும் அளந்துதான் போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நான்கைந்து கணக்குகளை மெய்யாக அளந்தால் போதும். ஐம்பது கணக்குகளை விதியால் விரைந்து போட்டுக்கொள்ளலாம். விதி வேண்டாம் என்பதன்று நம் வாதம். விதி கடைசியில் வரட்டும். வரும்போது தன் பொருளோடு வரட்டும். பொருளறியாமல் ஒப்பிக்கும் செய்யுளை மாணவன் தேர்வுக்கு மறுநாள் மறக்கிறான் என்பதைக் கல்லூரியில் நாள்தோறும் காண்கிறோம். செய்யுளுக்குப் பொருந்துவது பின்னத்துக்குப் பொருந்தாமல் போகுமா?

சென்ற வாரம் மகள் மீண்டும் ஆழாக்கோடு வந்தாள். வீட்டுப்பாடத்தில் இல்லாத கணக்கு ஒன்றைத் தானே உண்டாக்கியிருந்தாள். "அப்பா, அரைக்கால் படியில முக்கால் படி எத்தனை முறை?" என்றாள். நாம் வழக்கம்போல் விழித்தோம். "ஒரு முறைகூட நிரம்பாதுப்பா. முக்காப் படிக்கு ஆறு ஆழாக்கு வேணும்; நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதனால ஆறுல ஒரு பங்கு" என்று அவளே விடையும் சொன்னாள். பிறகு ஏட்டில் திருப்பிப் போட்டுப் பெருக்கிச் சரிபார்த்தாள். 1/8 × 4/3 = 4/24; அதாவது 1/6. அன்று அந்த விதி அவளுக்கு எசமானாக இருந்தது. இன்று சாட்சியாக வந்து நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு படியோ உழக்கோ கிடக்கலாம். பேரீச்சம்பழக்காரரிடம் போடுமுன் ஒரு முறை கீழே இறக்கிப் பாருங்கள். இல்லையென்றாலும் கவலையில்லை, இரண்டு டம்ளரும் கொஞ்சம் அரிசியும் போதும். பிள்ளையிடம் விடையைக் கேட்காதீர்கள். அந்த விடை எதனுடைய விடை என்று மட்டும் கேளுங்கள்.